கடல் கடந்து உழைப்போரும் வரிக்கணக்கு எண்ணும்

(மூன்றாம் ஆண்டு, இளநிலை வணிகவியல்)

கடல் கடந்து சென்று பொருளீட்டுவது தமிழருக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம்மவர் சென்ற வரலாற்றை நாம் வகுப்பறையில் படித்திருக்கின்றோம். எங்கள் குந்தாரப்பள்ளிக்கு அந்த வரலாற்றில் பெரிய பங்கு ஏதும் இல்லை. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது; வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தையால் பலருக்கும் தெரிந்த ஊர். எங்கள் தாத்தாக்களுக்குத் தொலைவு என்றால் பெங்களூர். தந்தையருக்கு ஓசூர் சிப்காட். இன்றோ எங்கள் தெருவிலேயே மஸ்கட்டில் ஒருவர், தோஹாவில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர் இருக்கின்றனர். பொறியியல் முடித்த பெண் ஒருவர் ஜெர்மனிக்கும் போயிருக்கின்றார்.

புறப்படும் முன்பு கடவுச்சீட்டு, விசா, மருத்துவப் பரிசோதனை, விமானக் கட்டணம் என்று வீடு முழுவதும் பேச்சாக இருக்கும். வரிக்கணக்கு எண்ணைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டார் சாலையோரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகின்றனர். வணிகவியல் படிக்கும் பிள்ளை என்பதால் படிவம் நிரப்பும் வேலை பெரும்பாலும் என் தலையில் விழும். சந்தை நாளில் மஞ்சள் பையில் தாள்களைத் திணித்துக்கொண்டு வரும் அம்மாக்களும் பெரியப்பாக்களும், வெளிநாட்டில் இருக்கும் தம் பிள்ளைக்காக என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பான் கார்டு எடுக்கணுமாம், என்ன என்ன பேப்பர் வேணும் தம்பி?" அந்தக் கேள்விக்கு விரிவான விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அங்கு ஈட்டிய சம்பளத்துக்கு, சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர் என்னும் நிலையில் இருக்கும் வரை, இங்கும் பொதுவாக வரி இல்லை. அப்படியிருக்க, வரி எண் எதற்கு என்று கேட்கத் தோன்றும். வரி எண் வைத்திருப்பதும் வரி கட்டுவதும் வேறு வேறு. எண் என்பது ஓர் அடையாளம், அவ்வளவே. வெளிநாடு சென்றவர் ஊரில் வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு என்று தனியாக ஒன்று உண்டு. என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியிலோ வங்கியே நூற்றுக்கு 30 வரியும் அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரியும் பிடித்துக்கொண்டுதான் தரும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நிலம் விற்ற பணம் பத்து இலட்சம் ரூபாய் என்.ஆர்.ஓ. வைப்பில் இருக்கின்றது, வட்டி ஆண்டுக்கு 7 விழுக்காடு. வட்டி 70,000 ரூபாய். அதில் பிடித்தம் 21,840 ரூபாய். அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லை என்றால் இந்த 70,000 ரூபாய் வரிவிலக்கு வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே பிடித்த தொகை முழுவதையும் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. ஆனால் திரும்பப் பெற வருமானக் கணக்கு தாக்கல் செய்யவேண்டும். தாக்கல் செய்யப் பான் எண் வேண்டும். எண் இல்லாதவரிடம் பிடித்த வரி அரசின் கருவூலத்துக்குப் போய்ச் சேரும். அவர் பெயரில் மட்டும் எங்கும் ஏறாது. தாக்கல் செய்யக் கெடுவும் உண்டு. கெடு போனால் அந்த ஆண்டுப் பணமும் போனதுபோலத்தான்.

இனி அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நிரந்தரக் கணக்கு எண் 1972 இல் நம் நாட்டில் அறிமுகமாயிற்று. இப்போது நாம் காணும் பத்து இடங்கள் கொண்ட வடிவம் 1990களில் வந்தது. முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள், அடுத்து நான்கு எண்கள், இறுதியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து எண்ணை உடையவர் யார் என்பதைக் காட்டும்: தனி மனிதர்க்குப் 'பி', நிறுவனத்துக்குச் 'சி', கூட்டாண்மைக்கு 'எஃப்'. ஐந்தாவது எழுத்தில்தான் நமக்குரிய சிக்கல் தொடங்குகின்றது. அது அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் ஏது?

முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தந்தை பெயர் மாதப்பன். பள்ளிச் சான்றிதழில் அவர் 'மா. முருகன்'. ஆங்கிலத்தில் 'எம். முருகன்'. ஆதாரில் 'முருகன் எம்'. வங்கிப் புத்தகத்தில் வெறும் 'முருகன்'. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்வதால், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவும், இட்ட பெயர்க் கட்டத்தில் 'முருகன் மாதப்பன்' என்றும் இருக்கும். சிலருக்கு மாதப்பன் குடும்பப் பெயராகவே ஏறியிருக்கும். வெளிநாட்டு அலுவலகத்தில் அவரை 'மிஸ்டர் மாதப்பன்' என்று தந்தை பெயரால் அழைப்பார்கள். அதைக் கேட்டு ஊரில் இருக்கும் மாதப்பனார் பெருமைப்பட்டதும் உண்டு! ஐந்து தாளில் ஐந்து பெயர். நமக்கு ஐவரும் ஒருவரே என்று தெரியும். விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவருக்கு ஐவரும் ஐந்து பேர்.

இந்தத் தலைப்பெழுத்து முறையைக் குறைபாடாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அக்கருத்தில் உடன்பாடு இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டுவதை விட்டுவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. அதன்பின் இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் பெயரைப் பார்த்துச் சாதி கேட்கும் வழி பெரிதும் அடைபட்டது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கின்றதே என்பதற்காக, பாட்டன் விட்டெறிந்த பட்டத்தைப் பேரன் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளவேண்டியதில்லை. கடையில் ஒருவர் அவ்வாறு எழுதச் சொன்னபோது நான் மறுத்தேன். அதற்குத் தேவையும் இல்லை. பான் படிவத்தின் கடைசிப் பெயர்க் கட்டம் கட்டாயமானது, ஆனால் அங்கே சாதிப் பெயர்தான் வரவேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. ஒரே பெயர் உடையவர் அந்தப் பெயரையே கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம். தந்தை பெயரை விரித்தெழுதியும் நிரப்பலாம். தலைப்பெழுத்தைத் தனி எழுத்தாக இடுவதுதான் கூடாது. 'அட்டையில் அச்சிட வேண்டிய பெயர்' என்று வேறொரு கட்டம் இருக்கின்றது. அங்கே முன்பகுதியைச் சுருக்கிக்கொள்ள இடமுண்டு, கடைசிப் பெயரை மட்டும் முழுதாக எழுதவேண்டும். இந்தக் கட்டத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

மலேசியத் தமிழர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டனர். அங்கு அடையாள அட்டையில் மகன் பெயர், அடுத்து 'மகன்' என்னும் பொருளுடைய மலாய்த் தொடரின் சுருக்கமாக 'ஏ/எல்', அதன்பின் தந்தை பெயர் என வரும். பெண்ணுக்கு 'ஏ/பி'. சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்பர். தந்தை பெயர் தந்தை பெயராகவே நிற்கின்றது. குடும்பப் பெயராக வேடம் போடவேண்டியதில்லை. நம் படிவங்களுக்கும் இப்படி ஒரு வழி இருந்திருக்கலாம். ஆனால் உலகம் மறுதிசையில் போகின்றது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒரே சொல்லால் ஆன பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஒற்றைப் பெயருடன் கடவுச்சீட்டு வைத்திருந்த நம்மவர் பலர் அன்றுதான் பெயர்க் கட்டம் என்று ஒன்று இருப்பதையே கவனித்தனர்.

பெயருக்கு அடுத்தது ஊர். எங்கள் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும். தமிழில் 'க' என்று ஒரே எழுத்தால் எழுதுவதை ஆங்கிலத்தில் 'கே' என்றும் 'ஜி' என்றும் எழுத இடமுண்டு. குந்தாரப்பள்ளியின் பெயரை 'கே'யில் தொடங்கும் தாளும் 'ஜி'யில் தொடங்கும் தாளும் எங்கள் கடையில் ஒரே நாளில் வரும். நடுவே 'தா'வுக்கு ஒருவர் 'டி' போடுவார். இன்னொருவர் அதனுடன் 'ஹெச்' சேர்ப்பார். இறுதியில் 'ஐ'யா 'ஒய்'யா என்பது எழுதுபவர் மனநிலையைப் பொறுத்தது. பெங்களூரில் சில ஆண்டு வேலை பார்த்து அங்கேயே முகவரிச் சான்று வாங்கியவர்களுக்கு, ஆள் பெயரே கன்னட ஒலிப்பில் மாறியிருக்கும்; 'அப்பன்' என்று முடியும் பெயர் 'அப்பா' ஆகிவிடும்.

மாவட்டக் கதை இதைவிடச் சுவையானது. 1965 அக்டோபர் 2 இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் பிறந்த தாத்தா சேலம் மாவட்டத்தார், தந்தை தருமபுரி மாவட்டத்தார், மகன் கிருஷ்ணகிரி மாவட்டத்தான்! 2004க்கு முன் பிறந்தவரின் பிறப்புச் சான்றில் தருமபுரி என்று இருப்பது பிழையன்று. ஆனால் நிலைமை அறியாத வெளிநாட்டு அலுவலர் முன் இதை விளக்க மாவட்டப் பிரிவு நாளைச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

இவை யாவும் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். மஸ்கட்டில் பாரந்தூக்கி ஓட்டும் என் பெரியப்பா மகனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். தம் பங்கு நிலத்தை விற்ற பணத்தை வைப்பில் போட்டிருந்தார். வங்கி வரி பிடித்தது. திரும்பப் பெறலாம் என்று நான் சொன்னதும் அங்கிருந்தபடியே ஒரு தரகர் மூலம் பான் எண்ணுக்கு விண்ணப்பித்தார். கடவுச்சீட்டில் விரித்த பெயர், வங்கி அறிக்கையில் தலைப்பெழுத்துப் பெயர், படிவத்தில் தரகர் தாமாக எழுதிய மூன்றாவது பெயர். விண்ணப்பம் ஒத்துவரவில்லை என்று திரும்பிற்று. மறுபடி அனுப்பினார், இம்முறை கையொப்பம் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. தாள் மஸ்கட்டுக்கும் இங்குமாக அலைந்துகொண்டிருக்கையில் டிசம்பர் 31 கடந்து, அந்த ஆண்டுக்குத் தாமதமாகத் தாக்கல் செய்யும் கெடுவும் முடிந்தது. "என் பேரு எனக்குத் தெரியாதாடா தம்பி, அதுக்கு எதுக்கு இத்தனை சாட்சி?" என்று தொலைபேசியில் கேட்டார். வெயிலில் அறுபது அடி உயரத்தில் அமர்ந்து உழைத்துச் சேர்த்த பணத்துக்கு வந்த வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த தொகை அது. அவருக்கு நான் என்ன விடை சொல்வது?

பிறகு நாங்கள் செய்தது இதுதான். எல்லாத் தாள்களிலும் மாற்றுவதற்கு மிகக் கடினமானது கடவுச்சீட்டு. விசாவும் வேலை ஒப்பந்தமும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. ஆகவே கடவுச்சீட்டில் உள்ள பெயரைத் தாய்ப்பெயராகக் கொண்டோம். அதன் நகலைக் காட்டி வங்கிக் கணக்கின் பெயரை எழுத்துக்கு எழுத்து அதற்கு ஒப்ப மாற்றினோம். விடுமுறையில் வந்தபோது ஆதாரையும் அவ்வாறே திருத்தினார். மூன்றும் ஒன்றான பின்பு அனுப்பிய விண்ணப்பம் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறிற்று. எண் வாங்கும் வேலை சில வாரம். பெயரை ஒன்றாக்கும் வேலை ஓராண்டு.

வெளிநாட்டில் இருந்துகொண்டே விண்ணப்பிப்போர் ஆயத்தம் செய்யவேண்டிய தாள்கள் மூன்று வகை: ஆள் யார், எங்கு வசிக்கின்றார், எப்போது பிறந்தார் என்பவற்றுக்கான சான்றுகள். நடப்பில் உள்ள கடவுச்சீட்டு ஆளுக்கும் பிறந்த நாளுக்கும் போதுமானது. பிறந்த நாளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றையும் ஏற்பர். ஆனால் நம் பெரியவர்களுக்குப் பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் குறித்ததே பிறந்த நாள். ஜூன் மாதத்தில் பிறந்தோர் எண்ணிக்கை நம் வட்டாரத்தில் வியப்புக்குரியது. கடவுச்சீட்டில் ஒரு நாளும் பள்ளிச் சான்றில் ஒரு நாளும் இருந்தால் இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்பாமலிருப்பது நல்லது. அதற்கு முன்பே ஒன்றைத் திருத்திக்கொள்வது அதைவிட நல்லது.

முகவரிதான் வளைகுடாவில் தொல்லை. அங்கு வீட்டுக்கு வந்து கடிதம் தரும் வழக்கம் பெரிதும் இல்லை. நிறுவனத்தின் அஞ்சல் பெட்டி எண்ணே எல்லாருக்கும் முகவரி. நூறு பேர் தங்கும் தொழிலாளர் முகாமில் மின்கட்டண ரசீது யார் பெயரில் இருக்கும்? இந்த நிலையை எண்ணியே வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன், தாம் வசிக்கும் நாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையையோ என்.ஆர்.இ. கணக்கு அறிக்கையையோ முகவரிச் சான்றாகத் தர விதி இடம் தந்திருக்கின்றது. சான்றொப்பம் கேட்கப்பட்டால் இந்தியத் தூதரகத்தில் பெறலாம். 1961 இன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அப்போஸ்டில் முத்திரை பெறும் வழியும் உண்டு. இந்தியாவில் அவ்வுடன்படிக்கை 2005 முதலும், ஓமானில் 2012 முதலும், சிங்கப்பூரில் 2021 முதலும், சவூதி அரேபியாவில் 2022 முதலும் நடைமுறையில் உள்ளது. அட்டையை வெளிநாட்டுக்கே அனுப்பச் சொன்னால் கட்டணம் பல மடங்கு. மின்னஞ்சலில் வரும் மின் அட்டையும் சட்டப்படி செல்லுபடியாகும். தாள் அட்டை ஊர் முகவரிக்கு வந்தால் போதும் என்பது என் கருத்து.

புகைப்படம் மூன்றரைக்கு இரண்டரை சென்டிமீட்டர். கையொப்பம் கட்டத்தைத் தாண்டக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்தால், நடுவரோ நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ முத்திரையுடன் சான்றொப்பமிட வேண்டும். ஊரில் இது அரை நாள் வேலை. பாலைவனத்து முகாமில் இருப்பவருக்கு ஒரு மாதச் சம்பளப் பிடித்தம்.

ஆதார் பற்றித் தனியே கூறவேண்டும். 2025 ஜூலை 1 முதல் புதிதாகப் பான் எண் கோருவோருக்கு ஆதார் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் வசிக்காதவருக்கு 2017 மே மாத அறிவிக்கை ஒன்று விலக்கு தந்திருந்தது உண்மையே. ஆனால் அவ்விலக்கு ஆதாரே இல்லாதவருக்கு உரியது. நம் தலைமுறையில் ஆதார் இல்லாமல் விமானம் ஏறுபவர் யார்? 2023 ஜூலை 1 இல் ஆதாருடன் இணைக்காத பான் எண்கள் செயலற்றுப் போனபோது வெளிநாட்டில் இருந்த பலருடைய எண்களும் அவற்றோடு சேர்ந்து முடங்கின. தாம் இந்தியாவில் வசிக்காதவர் என்பதற்குக் கடவுச்சீட்டு நகல் முதலியவற்றை வரித்துறைக்கு அனுப்பி மீட்கவேண்டியிருந்தது.

ஆதார் இருந்தால் சில நிமிடத்தில் கட்டணமின்றி மின் பான் எண் பெறும் வசதி இருக்கின்றதே என்று நண்பர்கள் சொல்வர். அந்த வசதிக்குச் சாவி, ஆதாருடன் பதிந்த கைப்பேசி எண்ணுக்கு வரும் கடவு எண். வெளிநாடு சென்றவர் ஊர் சிம்முக்குப் பணம் போடாமல் விட்டுவிடுகின்றார். மூன்று மாதம் தொடர்ந்து பயன்படாத எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்குப் போய்விடும். பிறகு இவருடைய கடவு எண், முன்பின் அறியாத யாரோ ஒருவரின் சட்டைப்பையில் ஒலிக்கும்.

முன்பு எடுத்த பான் அட்டை தொலைந்துவிட்டது என்று புதிதாக இன்னொன்று எடுப்போரும் உண்டு. தரகர்கள் இதைத் தூண்டுவதையும் கண்டிருக்கின்றேன். ஒருவருக்கு ஓர் எண்தான். இரண்டு வைத்திருப்பவருக்கு 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 10,000 ரூபாய் தண்டம் விதித்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 இல் இயற்றிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று வகுக்கப்பட்டது. ஆதலின் நெடுங்காலம் '49ஏ' என்று அறியப்பட்ட படிவத்தின் எண்ணை, விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். தொலைந்ததற்கு மறுபதிப்புக் கேட்பதே முறை. பழைய எண் மாறாது.

போகும் நாட்டில் தரும் வரி எண்ணும் இதே பெயரைத்தான் சுற்றி வரும். ஜெர்மனிக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்ணின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அங்குக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதியவேண்டும். கடவுச்சீட்டுடன், வீட்டு உரிமையாளர் தரும் உறுதிச் சான்றும் வேண்டும். பதிந்தபின் 11 இலக்க வரி எண் தானாகவே அஞ்சலில் வரும். வாழ்நாள் முழுவதும் அதுவே. இவருக்கு வாரங்கள் கடந்தும் வரவில்லை. காரணம், வாசலில் உள்ள கடிதப் பெட்டியில் அவர் வழக்கம்போல் தம் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தார். கடிதமோ குடும்பப் பெயராகப் பதிவான தந்தை பெயருக்கு வந்து, அப்படி ஒருவர் இங்கில்லை என்று திரும்பியிருக்கின்றது. தந்தை பெயரையும் சேர்த்து ஒட்டிய பின்பே எண் கைக்கு வந்தது. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண் பெறத் தகுதியில்லாத குடும்பத்தாருக்கு 9 இல் தொடங்கும் தனி வரி எண் உண்டு. அதற்கு ஒரே தாளாகப் போதுமானது கடவுச்சீட்டு மட்டுமே. அதுவும் மூலமாகவோ, வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகலாகவோ இருக்கவேண்டும். நோட்டரி சான்றொப்பத்தை 2012 முதல் அங்கு ஏற்பதில்லை. ஒரு நாட்டில் செல்லும் முத்திரை இன்னொரு நாட்டில் செல்லாது என்பதை இங்கிருந்து கொத்தாக நோட்டரி நகல் எடுத்துச் செல்வோர் அறியவேண்டும்.

ஆகவே விமானச் சீட்டு வாங்கும் முன்பே, பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், கடவுச்சீட்டு நான்கையும் ஒரு மேசைமேல் பரப்பி ஆங்கில எழுத்துகளை விரல் வைத்து ஒப்பிடுங்கள். பான் அட்டையை ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஊர் சிம்மை அம்மாவின் கைப்பேசியில் போட்டு மாதந்தோறும் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். நல்ல ஒளிநகல் ஒரு கட்டு வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

வளைகுடாவிலும் காலம் மாறிவருகின்றது. ஓமான் அரசு 2025 ஜூனில் தனிநபர் வருமான வரிச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்திருக்கின்றது. அப்பகுதி நாடுகளில் இதுவே முதலாவது. ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 விழுக்காடு வரி, 2028 முதல். நம் பணத்தில் அது தொண்ணூறு இலட்சம் ரூபாய்க்கு மேல். செய்தியைத் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது என் பெரியப்பா மகன் நெடுநேரம் சிரித்தார். பிறகு கேட்டார்: "அதுக்கும் ஒரு நம்பர் தருவாங்கல்ல? அதுல என் பேரை எப்படிப் போடுவாங்க?"